கரி பூசிய நாக்கு

சென்ற பொங்கல் விழாவில் எனக்கு நேர்ந்த இழுக்கை நம் சங்கத்தார் பலரும் மறந்திருப்பார்கள். நான் மறக்கவில்லை. அதைச் சொல்லித்தான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

வரவேற்புரை ஆற்றும் பொறுப்பு அன்று என் தலையில் விழுந்தது. இரண்டு இரவு கண்விழித்து எழுதினேன். எழுதியதை வாங்கிப் பார்த்த நண்பர் ஒருவர் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லையே என்று வியந்தார். அந்தப் பெருமிதத்தோடு மேடை ஏறினேன். உரையும் நன்றாகத்தான் போயிற்று. முடிவில் குரலை உயர்த்தி, "வாழ்க தமிழ்!" என்றேன். அப்படிச் சொன்னதாகத்தான் நான் நினைத்தேன். அவையோர் செவியில் விழுந்ததோ, "வாள்க தமிள்!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "வாளை உறையில போடு தம்பி!" என்றது. அரங்கம் அதிரச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது?

விழா முடிந்து இலையில் சர்க்கரைப் பொங்கல் விழுந்தபோது, மூத்த மாணவர் ஒருவர் என் தோளில் கை வைத்தார். "பிலாயில் பிறந்து வளர்ந்த பையனுக்கு ழகரம் எப்படி வரும்? விடு தம்பி, கவலைப்படாதே" என்றார். அன்போடு சொன்ன சொல்தான். ஆனால் அரங்கத்தின் சிரிப்பைக் காட்டிலும் அந்த ஆறுதலே என்னை அதிகம் உறுத்தியது. நான் தமிழன்தான், ஆனால் முழுத் தமிழன் அல்லன் என்று என் நாக்கே சான்று சொல்லிவிட்டதுபோல் இருந்தது.

என் பெற்றோர் சிவகங்கைப் பக்கத்தவர்கள். அப்பா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, உறவினர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு பிலாய்க்கு வந்தவர். ஒரு சிறு பட்டறையில் ஃபிட்டர் வேலை. நானும் என் தங்கையும் அங்கேயே பிறந்தோம். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். தெருவில் இந்தியும் சத்தீஸ்கரியும். தமிழ் எனக்கு அம்மா தந்தது. ஊரிலிருந்து யாராவது கொண்டுவரும் பழைய வார இதழ்களைத் தரையில் விரித்து, அவற்றின் தலைப்பு எழுத்துக்களில் விரலை வைத்து எழுத்துக் கற்பித்தார். ஆகவே எழுத்தில் ழகரத்தை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. நாக்கில்தான் தவறிற்று.

பொங்கல் கழிந்த சில நாட்களில், முதுகலை இயற்பியலில் ஒலியியல் பாடத்துக்காக ஒவ்வொருவரும் ஒரு சிற்றாய்வு செய்ய வேண்டுமென்று அறிவிப்பு வந்தது. நண்பர்கள் மீயொலி என்றும் அரங்கின் எதிரொலி என்றும் தலைப்புக்களைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஆசிரியரிடம் போய், "ஒரு மெய்யெழுத்தை ஆராயலாமா?" என்று கேட்டேன். அவர் வங்காளி. "எந்த மெய்யெழுத்து?" என்றார். "எனக்கு வராத ஒன்று" என்றேன். சிரித்துவிட்டு, நூலகத்தில் ஒரு நூலைத் தேடிப் பார்க்கச் சொன்னார். 'எ கோர்ஸ் இன் ஃபோனெடிக்ஸ்' என்ற பாடநூல் அது. 1975-இல் முதலில் வெளிவந்து, உலகெங்கும் ஒலிப்பியல் மாணவர்கள் கையில் புழங்கும் நூல். எழுதியவர் பீட்டர் லாடிஃபோகெட். அன்று மாலை நூலகத்தின் மூலையில் உட்கார்ந்தவன், விளக்கணைக்க வந்த காவலர் எழுப்பிய பிறகே எழுந்தேன்.

யார் இந்த லாடிஃபோகெட்? 1925-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து சட்டன் என்னும் ஊரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தொடங்கிய படிப்பை இரண்டாம் உலகப் போர் இடைமறித்தது. படையில் பணியாற்றிவிட்டு வந்து, எடின்பரோவில் டேவிட் அபர்கிராம்பி என்ற ஆசிரியரிடம் ஒலிப்பியல் பயின்றார். 1959-இல் டாக்டர் பட்டம். 1962-இல் அமெரிக்கா சென்று, லாஸ் ஏஞ்சலிசில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் நிறுவிய ஒலிப்பியல் ஆய்வுக்கூடத்தை 1991 வரை நடத்தினார்.

திரைப்பட ஆர்வம் உள்ள நண்பர்களுக்கு ஒரு செய்தி. 1964-இல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி' படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பூ விற்கும் பெண்ணின் பேச்சை மாற்றிக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டும் பேராசிரியர் ஹிக்கின்சின் கதை. அந்தப் படத்துக்கு ஒலிப்பியல் ஆலோசகர் இவரே. ஹிக்கின்சின் குறிப்பேட்டில் தெரியும் ஒலிக்குறிகளை எழுதியதும், கருவியிலிருந்து கேட்கும் உயிரொலிகளை ஒலித்ததும் இவர்தாம். ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஹிக்கின்சுக்கும் இவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஹிக்கின்ஸ் பிறர் பேச்சைக் கேட்டு முகஞ்சுளித்து, அதைத் திருத்த நினைப்பவர். இவரோ ஒருவர் எப்படிப் பேசுகிறாரோ அப்படியே அதைக் கேட்டு, அளந்து, எழுதிவைக்க நினைத்தவர். பொங்கல் மேடையில் நான் கண்டவர்கள் எல்லாரும் ஹிக்கின்சுகள். லாடிஃபோகெட்டை அன்றுதான் முதலில் கண்டேன்.

கேள்விப்பட்டதை நம்புவதில்லை, அளந்து பார்த்தே நம்புவது என்பது இவருடைய வழி. அக்காலத்தில் ஒரு கொள்கை இருந்தது. நாம் பேசும் ஒவ்வோர் அசைக்கும் மார்புத் தசைகள் ஒருமுறை உந்துகின்றன என்று ஸ்டெட்சன் என்ற அறிஞர் சொல்லியிருந்தார். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. லாடிஃபோகெட் 1950-களில் உடலியல் அறிஞர்கள் இருவரோடு சேர்ந்து, பேசும்போது மூச்சுத்தசைகளில் எழும் மின்துடிப்புக்களைப் பதிவு செய்து பார்த்தார். அசைக்கு ஓர் உந்தல் என்ற கணக்கு அங்கே காணப்படவில்லை. அழகான கொள்கை ஒன்று ஊசிமுனையில் உடைந்தது. இயற்பியல் மாணவனாகிய எனக்கு இந்த இடத்தில் அவர்மேல் மதிப்பு இருமடங்காயிற்று.

இயற்பியல் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கலை மாணவர்கள் அஞ்ச வேண்டாம். பள்ளியில் படித்த ஒத்ததிர்வுக் குழாய்தான். தொண்டையில் இருக்கும் குரல்மடல்களிலிருந்து உதடுவரை நமக்குள் ஒரு குழாய் இருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு அதன் நீளம் சுமார் 17.5 சென்டிமீட்டர். குரல்மடல் பக்கம் மூடியது, உதட்டுப் பக்கம் திறந்தது. ஒலியின் விரைவை வினாடிக்கு 350 மீட்டர் என்று கொண்டு கணக்கிட்டால், அந்தக் குழாய் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் ஆகிய அலைவெண்களில் ஒத்ததிரும். நாக்கை உயர்த்தி, வளைத்து, பின்னிழுத்து, உதட்டைக் குவித்து இந்த எண்களை நாம் இடம் மாற்றுகிறோம். 'ஆ' என்பதும் 'ஈ' என்பதும் இந்த இடமாற்றமே. ழகரத்தின் அடையாளம் மூன்றாவது எண்ணில் இருக்கிறது: அது இருந்த இடத்திலிருந்து நன்றாகக் கீழே இறங்கிவிடுகிறது. நம் தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தொலிகளை ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பர்டு, அபிகெயில் கவுன் ஆகிய மூவர் காந்தப் படக் கருவிகொண்டு நாக்கின் வடிவத்தையே படம்பிடித்து ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டிருக்கிறார்கள். தொல்காப்பியர் கருவி ஏதுமின்றிப் பிறப்பியலில் சொல்லிவிட்டார்: நாக்கின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட, ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று. வருடுதல் என்ற சொல்லை அவர் எவ்வளவு கவனமாக எடுத்திருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கிற்று.

விளக்கியது கரி.

லாடிஃபோகெட் காடும் மலையும் சென்று மொழிகளைப் பதிவு செய்தவர். நைஜீரியாவில் இபாடானில் ஓராண்டு ஆசிரியராக இருந்தார். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளை ஆராய்ந்து 1964-இல் ஒரு நூல் எழுதினார். கலஹாரிப் பாலையில் நாக்கைச் சொடுக்கிப் பேசும் மொழிகளையும் ஆராய்ந்தார். மின்சாரம் இல்லாத இடத்துக்குப் பெரிய கருவிகளைத் தூக்கிச் செல்ல முடியுமா? ஆகவே எளிய முறை ஒன்றை அவர் கையாண்டார். கரித்தூளை ஆலிவ் எண்ணெயில் குழைத்து, சிறு தூரிகையால் பேசுபவரின் நாக்கில் பூச வேண்டும். அவர் ஒரே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். பிறகு வாய்க்குள் ஒரு கண்ணாடியை வைத்து, அண்ணத்தைப் படம் எடுக்க வேண்டும். நாக்கு எங்கெங்கே தொட்டதோ அங்கெல்லாம் கரி ஒட்டியிருக்கும். இவ்வளவுதான்.

இதை நாமும் செய்தாலென்ன என்று தோன்றிற்று. மருந்துக் கடையில் கரி மாத்திரை வாங்கிப் பொடித்தேன். ஆலிவ் எண்ணெய் விலைக்கு நான் எங்கே போவேன்? விடுதி அறையில் அம்மா கொடுத்தனுப்பிய நல்லெண்ணெய் இருந்தது. பல் மருத்துவரின் கண்ணாடி ஒன்றும் கைப்பேசியும் போதுமாயின. கும்பகோணத்து நண்பர் ஒருவர், ழகரத்தைத் தேன்போல் ஒலிப்பவர், நாக்கைத் தானம் கொடுக்க முன்வந்தார். எந்தச் சொல்லைச் சொல்வது? வேறெந்த மெய்யும் நாக்கைத் தொடக் கூடாது. யோசித்தபோது 'பழம்' கிடைத்தது. பகரமும் மகரமும் உதட்டில் பிறப்பவை. அகரத்துக்கு நாக்கு மேலே போவதில்லை. அண்ணத்தில் கரி ஒட்டினால் அது ழகரத்தின் வேலையே அன்றி வேறில்லை.

நண்பர் நாக்கில் கரி பூசிக்கொண்டு காளி கோலத்தில், "பழம்" என்றார். படம் எடுத்தேன். பிறகு வாய் கொப்பளித்துவிட்டு அவர் எனக்குப் பூசினார். நானும், "பழம்" என்றேன். இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். நண்பரின் அண்ணத்தில் இரு ஓரங்களில் மட்டும் கரி. நடுவில் வழி திறந்திருந்தது. என் அண்ணத்தின் நடுவிலோ, நெற்றிப் பொட்டுப்போல் ஒரு கரும்புள்ளி. அவர் நாக்கு வருடிற்று. என் நாக்கு ஒட்டிற்று. ஒட்டினால் காற்று பக்கவாட்டில் வழிந்து ளகரம் ஆகிறது. இருபத்து மூன்று ஆண்டுகளாக நான் செய்துவந்த பிழையின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். வெட்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சிக்கலான கணக்கொன்றின் விடை கண்டதுபோல் மகிழ்ச்சிதான் வந்தது.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. என் பிழைக்குப் பிலாய் காரணமா?

விடை காண, நம் சங்கத்து நண்பர்கள் எட்டுப் பேரின் பேச்சைப் பதிவு செய்தேன். முதலில் பட்டியலாகச் சொற்களைப் படிக்கச் செய்தேன்; பிறகு ஊரையும் உணவையும் பற்றி விருப்பம்போல் பேசச் செய்தேன். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக் கழகத்தார் இருவர் உருவாக்கி இலவசமாக வழங்கும் 'பிராட்' என்னும் கணினி நிரலில் இட்டு அளந்தேன். எட்டுப் பேரில் ஒருவர், பொங்கலன்று எனக்கு ஆறுதல் சொன்ன மூத்த மாணவர். மதுரைக்காரர். பட்டியலைப் படிக்கையில் அவருடைய மூன்றாம் ஒத்ததிர்வு இலக்கணப்படி இறங்கிற்று. ஆனால் ஊர்ப்பேச்சுத் தொடங்கியதும், "சித்திர மாசம் எங்க தெருவுல வாளப்பளம், மோர்ப்பந்தல்..." என்று ளகரம் தாராளமாக வந்து விழுந்தது. அவருக்கே போட்டுக் காட்டினேன். இரண்டுமுறை கேட்டார். "எங்க ஊர்ப்பக்கம் அப்படித்தான்டா பேசுவோம்" என்று சொல்லி, விழுந்து விழுந்து சிரித்தார். அன்றுமுதல் நாங்கள் நெருங்கிய நண்பர்கள்.

உண்மை இதுதான்: தென் மாவட்டங்களில் பல இடங்களில் இயல்பான பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கிறது. என் நாக்கு பிலாயில் கெட்டுப்போகவில்லை. சிவகங்கையிலிருந்து வந்த என் தாயின் நாக்கை அப்படியே வாங்கிக்கொண்டது. மதுரைக்காரரின் ளகரம் யார் காதிலும் விழவில்லை. என் ளகரம் மட்டும் விழுந்தது. ஏன்? லாடிஃபோகெட்டும் பிராட்பென்ட் என்ற உளவியலாரும் 1957-இல் வெளியிட்ட ஒரு சோதனை நினைவுக்கு வருகிறது. செயற்கையாக ஆக்கிய ஒரே சொல்லை, அதற்கு முன்வரும் வாக்கியத்தின் ஒத்ததிர்வுகளை மட்டும் மாற்றிக் கேட்கச் செய்தார்கள். சொல் மாறவில்லை, கேட்டவர்களோ வேறு சொல்லாகக் கேட்டார்கள். முன்னால் வந்த குரலை வைத்தே பின்னால் வரும் ஒலியைக் காது முடிவு செய்கிறது. அவர்கள் ஆராய்ந்தது உயிரொலிகளைத்தான். ஆயினும் என் கதைக்கும் அது பொருந்துவதாகவே எனக்குத் தோன்றுகிறது. "இவன் பிலாய்க்காரன்" என்ற முன்வாக்கியம் அவையோர் மனத்தில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தது போலும்.

இந்த அளவில் கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு வெற்றி, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் லாடிஃபோகெட் என்னை அவ்வளவு எளிதில் விடவில்லை.

1992-இல் அமெரிக்க மொழியியல் இதழாகிய 'லாங்குவேஜ்', அழிந்துவரும் மொழிகளைப் பற்றிச் சில கட்டுரைகளை வெளியிட்டது. மொழிகளைக் காப்பது மொழியறிஞரின் கடமை என்று அவை வலியுறுத்தின. அதே ஆண்டில் லாடிஃபோகெட் ஒரு மாற்றுக் கருத்தை எழுதினார். மொழிகள் மறைவதைப் பற்றி ஒரே முடிவோடு பேசுவது சரியன்று, அது பேசுபவர்களின் உரிமை என்பது அவர் வாதம். அதில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். கென்யாவில் டஹாலோ என்று ஒரு மொழி. பேசுவோர் சில நூற்றுவரே. அம்மொழி பேசும் ஒருவரிடம் உங்கள் பிள்ளைகளும் இதைப் பேசுவார்களா என்று கேட்கிறார். கேட்டால் அவர்களுக்குப் புரியும், பேசத் தெரியாது, ஸ்வாஹிலிதான் பேசுவார்கள் என்கிறார் அவர். சொல்லும்போது அவர் முகத்தில் புன்னகை. பிள்ளைகள் பள்ளிக்குப் போய், தமக்குத் தெரியாதவற்றையெல்லாம் தெரிந்துகொண்டதில் அவருக்குப் பெருமை. அவர் செய்தது தவறு என்று சொல்ல நான் யார் என்று லாடிஃபோகெட் கேட்கிறார்.

இதைப் படித்த இடத்தில் நூலை மூடிவிட்டேன். அந்தப் புன்னகை எனக்குத் தெரியும். அது என் அப்பாவின் புன்னகை.

என் தங்கை என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் பிறந்த காலத்தில் அம்மாவுக்குத் தையல் வேலை சேர்ந்துவிட்டது. வார இதழை விரித்து உட்கார நேரமில்லை. வீட்டுக்கு வரும் தமிழர்களிடம் அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார்: "சின்னவளுக்குத் தமிள் கேட்டாப் புரியும், பேச வராது. இந்தில பொளந்து கட்டுவா." இதை நான் எத்தனையோ முறை கேட்டு உள்ளூரக் கசந்திருக்கிறேன். ஊரை மறந்த மனிதர் என்றுகூட ஒருமுறை சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அம்மாதான் பிறகு என்னிடம் சொன்னார். பிலாய்க்கு வந்த புதிதில் அப்பாவுக்கு இந்தியில் பத்துச் சொல்கூடத் தெரியாது. ஊரில் தாத்தா இறந்த செய்தி வந்தது. விடுப்புக் கேட்க மேற்பார்வையாளர் முன் போய் நின்றார். நின்றாரே ஒழிய, சொல்ல வாய் வரவில்லை. கையைக் காட்டினார், அழுதார், காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து விடுப்பு வாங்கி, ரயிலேறி ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தகப்பனுக்குக் கொள்ளிவைக்க வாய்க்காத அந்த மனிதர், தம் பிள்ளைகள் எந்த வாசலிலும் வாயடைத்து நிற்கக் கூடாது என்று நினைத்தால், அது தவறு என்று சொல்ல நான் யார்?

ஆயினும் கதைக்கு மறுபக்கமும் உண்டு. லாடிஃபோகெட்டுக்கு 1993-இல் நான்சி டோரியன் என்ற அறிஞர் மறுப்பு எழுதினார். பெற்றோர் கைவிட்ட மொழிக்காகப் பின்வந்தோர் ஏங்குவதும் உண்டு என்பதை அவர் நினைவூட்டினார். அப்பாவின் புன்னகை அப்பாவுடையது. அதற்குரிய விலையைத் தங்கை பின்னொரு நாள் கொடுக்க நேரலாம். இருவர் சொல்வதும் உண்மையாகவே எனக்குப் படுகிறது. எதை விடுவது என்று தெரியாமல் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

லாடிஃபோகெட்டின் வாழ்க்கையும் எனக்கு அப்படியே தோன்றுகிறது. மொழி மறைவதைத் தடுக்க நான் யார் என்று எழுதியவர், மறையக்கூடிய ஒலிகளைப் பதிவு செய்யத் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவர் நிறுவிய கூடத்தின் ஒலிக்களஞ்சியத்தில் 200-க்கும் மேற்பட்ட மொழிகளின் பதிவுகள் இன்று எவரும் கேட்கும்படி திறந்து கிடக்கின்றன. அவர் மிகவும் விரும்பித் தேடிவந்த மொழிகளில் ஒன்று நம் நீலகிரியிலேயே இருக்கிறது. மந்துகளில் வாழும் தோடர்களின் மொழி. பேசுவோர் மிகச் சிலரே. 1930-களில் எமனோ என்ற அறிஞர் அங்கே தங்கி அம்மொழியை ஆராய்ந்தார். பின்னர் லாடிஃபோகெட்டும் இந்திய ஒலிப்பியலறிஞர் பெரி பாஸ்கரராவும் பிறரும் கருவிகளோடு சென்றனர். தோட மொழியில் நாக்கு அதிரப் பிறக்கும் ரகர வகைகள் மட்டும் ஆறு என்று கண்டனர். ரகரத்தையும் றகரத்தையும் பேச்சில் ஒன்றாக்கிவிட்டு, ஒரு ழகரத்துக்காக மார்தட்டும் நாம், உதகையில் தேநீர் குடித்துவிட்டு அந்த ஆறு ஒலிகளைக் கேளாமலே திரும்புகிறோம்.

2006-ஆம் ஆண்டு சனவரியில், எண்பது வயதில், மீண்டும் தோட மொழியை ஆராய இந்தியா வந்தார் லாடிஃபோகெட். ஆய்வு முடித்துத் திரும்பும் வழியில் இலண்டனில் நோயுற்று, அம்மாதம் 24-ஆம் நாள் மறைந்தார். அவருடைய கடைசிப் பயணம் நம் மலைக்குத்தான்.

நண்பர்களே, இனி என் விண்ணப்பம். சங்கத்தில் ழகரப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நானே படத்தைப் பார்த்துப் பார்த்துப் பயின்று, இப்போது நடு அண்ணத்தில் கரி ஒட்டாமல் 'பழம்' சொல்லிவிடுகிறேன். வரும் பொங்கலுக்கு வரவேற்புரையை மீண்டும் எனக்கே கொடுத்துப் பாருங்கள். யாருக்காவது பயிற்சி வேண்டுமானால், கரியும் நல்லெண்ணெயும் என் அறையில் எப்போதும் உண்டு. ஆனால் விடுமுறைக்கு ஊர் போகும்போது, வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பேச்சைக் கால்மணி நேரம் பதிவு செய்துகொண்டு வாருங்கள். சமையலைப் பற்றியோ சண்டையைப் பற்றியோ, எதுவானாலும் சரி. திருத்தாமல், குறுக்கிடாமல் கேளுங்கள். சங்கத்தில் அவற்றைச் சேர்த்துவைப்போம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு மிஞ்சியிருப்பது பதினான்கு வினாடி. என் அப்பத்தா இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். அதற்குச் சில வாரங்கள் முன்பு, பக்கத்து வீட்டுப் பையன் உதவியோடு அப்பாவின் கைப்பேசிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். அப்பா அதை அழிக்கவில்லை. எவருக்கும் போட்டுக் காட்டியதும் இல்லை. சென்ற தீபாவளி விடுமுறையில் ஆய்வுக்கென்று கேட்டு வாங்கினேன். "எய்யா, மளை பேஞ்சு கம்மா நெறஞ்சு போச்சு. எப்ப வருவீக? பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க." அவ்வளவுதான். கணினித் திரையில் அப்பத்தாவின் 'மளை' கறுப்பும் சாம்பலுமாகப் படர்ந்து நின்றது. அளவுகோலை வைக்கப் போனேன், கை வரவில்லை.

பின்னால் வந்து நின்ற தங்கை, "ஃபிர் ஸே சுனாவோ" என்றாள். மீண்டும் போட்டேன். மூன்றாம் முறையும் கேட்டாள். "கம்மா என்றால் என்ன?" என்று இந்தியில் கேட்டாள். ஏரி என்று சொன்னேன். மழை பெய்தால் நிறையும் என்றேன். சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல, தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பவள்போல், "மளை" என்றாள்.

நான் திருத்தவில்லை.